இருபத்தொரு பை மண்

தோல் கிழியக் கூடாது அக்கா, அதுதான் இதில் வேலையே. திங்கிற கடலைன்னா கல்லில் தட்டித் தட்டிப் போட்டுக்கிட்டே போகலாம். இது விதைக்கடலை. ஓட்டோட மூக்கில் பெருவிரலை வச்சு இப்படி ஒரு அழுத்து. டப்புன்னு வாயைத் திறக்கும். உள்ளே பருப்பு சிவப்புச் சட்டையோட அப்படியே உட்கார்ந்திருக்கணும். சட்டை கிழிஞ்சா முளைக்காது. கிழிஞ்சதெல்லாம் இந்தத் தட்டில், சட்டினிக்கு. விடிஞ்சதிலிருந்து உடைக்கிறேன். விரலைப் பாருங்க, அவிச்ச பனங்கிழங்கு மாதிரி ஆயிட்டுது.

உட்காருங்க, அந்தப் பலகையை இழுத்துப் போட்டுக்கங்க. அத்தை படுகைக் கொல்லையில் இருக்காங்க, டிராக்டர் ஓடுது. வர நேரமாகும். நீங்க அக்கரைதானே? ஓடம் ஏறித்தானே வந்தீங்க, புடவைக் கரையெல்லாம் ஈரமா இருக்கு. மண்ணு பார்க்கிறவங்க திங்கட்கிழமை உங்க பக்கம் வராங்கன்னு கேள்விப்பட்டேன். அவங்க எப்படி, என்னன்னு கேட்டுட்டு வரச் சொல்லி அனுப்பினாங்களா? நல்ல ஆளாப் பார்த்துக் கேட்டீங்க போங்க. நான் யார்கிட்டயும் நாலு வார்த்தை சேர்ந்தாப்பல பேசமாட்டேன். "வேம்புக்கு வாயி திங்கத்தான்"னு எங்கம்மா சொல்லும். ஆனா கை வேலையில் இருந்தா பேச்சு தன்னால வருது. உங்க முகத்தைப் பார்க்காம கடலையைப் பார்த்துக்கிட்டே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

முதல்ல, பயப்பட வேண்டாம். அவங்க எடுத்துக்கிட்டுப் போறது மண்ணைத்தான், நிலத்தை இல்லை. எங்க தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியாம, வந்தவங்களுக்கு முதல் நாள் ஒரு செம்புத் தண்ணிகூடக் கொடுக்கலை.

எங்க படுகையும் உங்க படுகை மாதிரிதான். கரைக்கும் ஆத்துக்கும் நடுவில் இருக்கிற நிலம். வெள்ளம் வந்தா முழுகும், வடிஞ்சா பயிர் வைப்போம். கரையை ஒட்டின மேல்படுகை எங்க மூத்தாரோடது, அதாவது எங்க வீட்டுக்காரரோட அண்ணன். வெள்ளம் அங்கே மெதுவா ஏறும், மெதுவா இறங்கும், போறப்ப எக்கலை விட்டுட்டுப் போகும். கறுப்பு வண்டல், விரல் வச்சா வெண்ணெய். ஆத்தை ஒட்டின கீழ்ப்படுகை எங்களுது. அங்கே வெள்ளம் ஓட்டமா ஓடும், மணலைக் கொட்டிட்டுப் போகும். நான் கட்டிக்கிட்டு வரதுக்கு முந்தி வந்த பெரிய வெள்ளம் ஒரு முழத்துக்கு வெள்ளை மணலைக் கொட்டிட்டுப் போச்சாம். அதுக்கப்புறம்தான் பாகம் பிரிச்சாங்க. மூத்தவருக்கு வெண்ணெய், இளையவருக்கு மணல். எங்களுக்கு என்ன போட்டாலும் மஞ்சளா முளைச்சு மஞ்சளாவே சாகும். தண்ணி இறைச்சா சல்லடையில் ஊத்தின மாதிரி.

"இதுக்கு மேல மணலோட மல்லுக்கட்ட முடியாது வேம்பு. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறேன்"னு இவர் சொல்லிட்டார். கூட்டாளி ஒருத்தர் அங்கே இருக்கார், ஒரு நாளைக்கு நாலு தடவை போன் போடுவார். நானும் பாப்பாவும் இங்கே, அவர் அங்கே. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவாராம். பாப்பா, அதோ கோழி பின்னால் ஓடுதே, அது அப்ப நடக்க ஆரம்பிச்ச சமயம். அவர் வேட்டி நுனியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கும், வேற யார் கையையும் பிடிக்காது. நான் என்ன சொல்றது? எனக்குத்தான் சொல்ல வராதே. ராத்திரி சோறு போடறப்ப ஒரு கரண்டி கூட வச்சேன். அதுதான் நான் போகாதீங்கன்னு சொன்னது. அவருக்கு அது புரியலை, வயிறு உப்புசம்னு சொல்லிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மேடம் வந்தாங்க. போன ஆனி மாசம்.

மேடம் பேர் மங்கையர்க்கரசி. மண் ஆராய்ச்சி ஆபீஸ். ஐம்பது வயசிருக்கும், ஷூ போட்டிருப்பாங்க, தலையில் ஆம்பளைத் தொப்பி, அதுக்கு மேல மல்லிப்பூ. நிலத்தை எட்டு வகுப்பாப் பிரிப்பாங்களாம். ஒண்ணாம் வகுப்புன்னா எதை வச்சாலும் விளையும். எட்டாம் வகுப்புன்னா வேடிக்கை பார்த்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான். நான் அஞ்சாவதோட நின்னவ, எங்கப்பா செங்கல் சூளைக்குப் போனப்ப கூடப் போயிட்டேன். பள்ளிக்கூடத்தில் மேல மேல போனாப் பெருமை. மண்ணுக்கு மேல போனாக் கேவலம். எனக்கு அது பிடிச்சிருந்தது.

இவர் அன்னிக்கே சொல்லிட்டார். "மேடம் எழுதற எழுத்துதான். ஆறு, ஏழு, எட்டுன்னு எழுதினா அடுத்த நாளே பஸ்ஸு. அதுக்குக் கீழ எழுதினாங்கன்னா யோசிக்கிறேன்." அத்தை, "அவங்க என்ன எழுதறது, நான் சொல்றேன், அது ஒம்பதாம் வகுப்பு"ன்னாங்க.

ஆபீஸ் ஆளுங்க ரெண்டு பேர் பெரிய திருகு மாதிரி ஒரு கம்பியை மண்ணுக்குள்ளே முறுக்கி முறுக்கி இறக்கினாங்க. படுகை முழுக்க ஏழு இடம். ஒவ்வொரு இடத்திலும் மூணு மண்ணு. மேல் மண்ணு ஒண்ணு, முழங்கால் ஆழத்தில் ஒண்ணு, இடுப்பு ஆழத்தில் ஒண்ணு. மொத்தம் இருபத்தொரு துணிப்பை. ஆறு இடத்தில் மேடம் கூடவே நின்னு பார்த்து நோட்டில் எழுதிக்கிட்டாங்க. நிறம் என்ன, ஈரம் என்ன, எல்லாம். மண்ணில் தண்ணி விட்டுப் பிசைஞ்சு உருட்டுவாங்க. கட்டைவிரலால் நசுக்கி நாடா மாதிரி நீட்டுவாங்க. நாடா நீளமா வந்தா களி, வராம உதிர்ந்தா மணல். முறுக்கு மாவு பதம் பார்க்கிற மாதிரியேதான். எனக்குக் கை துறுதுறுன்னு வந்தது, கேட்க வெட்கம்.

ஏழாவது இடம் எங்க கொல்லை. அங்கே வரதுக்குள்ளே மேடம் காலில் கருவேல முள்ளு ஏறிட்டுது, ஷூவைத் துளைச்சுக்கிட்டு. அவங்க கரையிலேயே உட்கார்ந்துட்டாங்க. அந்த ரெண்டு பேர் மட்டும் போய் அவசர அவசரமாத் துளை போட்டு, மண்ணைப் பையில் அள்ளிக்கிட்டு, துளையை மூடிட்டு வந்துட்டாங்க. இவர் மோட்டார் ரிப்பேருக்குச் சிதம்பரம் போயிருந்தார். ஆக எங்க கொல்லையின் அடிமண்ணைப் பார்த்தவங்க யாருமே இல்லை. அந்த ரெண்டு பேரும் அதோட வேற ஜில்லாவுக்குப் போயிட்டாங்க.

கரையை விட்டு இறங்கினதும் எங்க வீடுதான் முதல் வீடு. மேடம் நொண்டிக்கிட்டே வந்து, "ஏம்மா, எனக்கு ரெண்டு நாள் மீட்டிங். இந்த மண்ணையெல்லாம் நெழல்ல பரப்பிக் காயவச்சு, அந்தந்தப் பையிலயே திருப்பிப் போட்டு வைப்பியா?"ன்னு கேட்டாங்க. தலையை ஆட்டினேன்.

காயவச்சேன் அக்கா. முறம், தாம்பாளம், சாக்கு, பழைய காலண்டர் தாள் எல்லாத்திலும் கூடம் முழுக்க மண்ணு. ஒவ்வொரு பைக்குள்ளேயும் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. கடைச்சீட்டு மாதிரி. நம்ம ஊர் மண்ணு ஆபீசுக்குப் போறப்ப குப்பையோட போகலாமா? பொறுக்கி எடுத்து அடுப்பில் போட்டேன்.

அப்புறம் பையைப் பார்த்தேன். வெள்ளைத் துணிப்பை. சேறு, அது மேல நீலமா ஏதோ கிறுக்கல். நம்ம வீட்டுக்கு ஒரு பாத்திரம் வந்தா அப்படியே அழுக்கோட திருப்பிக் கொடுப்போமா? எனக்குப் பொறுக்கலை. இருபத்தொரு பையையும் கொதிக்கிற தண்ணியில் ஊறப்போட்டு, சோப்புப் போட்டு, கல்லில் அடிச்சு, கஞ்சி போட்டு, நீலம் போட்டுக் கொடியில் காயப்போட்டேன். கொக்கு வரிசை மாதிரி இருந்தது. அடுத்த வீட்டு அக்காகூட நின்னு பார்த்துட்டு, "யாரு வீட்டு விசேஷம்?"ன்னு கேட்டுட்டுப் போச்சு. எனக்குப் பெருமைன்னா பெருமை.

மறுநாள் சாயங்காலம் இவர் சிதம்பரத்திலிருந்து வந்தார். கொடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பக் கொடியைப் பார்த்தார்.

"இதுல எழுதியிருந்துச்சே, எங்க?"

"அழுக்கா இருந்துச்சு. போயிட்டுது."

"அது அழுக்கு இல்லடி. எந்த எடம், எத்தன ஆழம்னு அடையாளம்!"

"உள்ளே சீட்டு இருந்துச்சே"ன்னு சொல்ல வாயெடுத்தேன். சீட்டு போன இடம் ஞாபகம் வந்தது. அடுப்பைப் பார்த்தேன். அவரும் அடுப்பைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துட்டார்.

மண்ணையாவது வரிசையா வச்சிருந்தேனா? வச்சுத்தான் இருந்தேன். மத்தியானம் ஜன்னல் வழியாத் தூறல் அடிச்சது. நனையக் கூடாதேன்னு தாம்பாளத்தையும் முறத்தையும் இழுத்து இழுத்து உள்ளே தள்ளினதில் வரிசை எங்கேயோ போயிட்டுது. இருபத்தொரு குவியல். எது யாரோடதுன்னு கேட்டா மண்ணு வாயைத் திறந்து சொல்லுமா?

அத்தை மட்டும் கலங்கலை. பாப்பாவை இடுப்பில் வச்சுக்கிட்டு ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாங்க. என் காதுகிட்ட வந்து, "நல்லதுக்குத்தான் நடந்திருக்கு. இருக்கறதுல நல்ல கறுப்பு மண்ணா மூணு எடுத்து நம்ம பையில போடு. மிச்சத்த எவன் பையிலயாவது போடு. மூத்தவன் அனுபவிச்சது போதும்"ன்னாங்க. மூத்தாரும் அவங்க பிள்ளைதான் அக்கா. ஆனா மூத்தார் வீட்டில் போன வருசம் பலாப்பழம் அறுத்து எங்களுக்கு ஒரு சுளை கொடுக்கலை.

டிராக்டர் சத்தம் நின்னுட்டுதா? இல்லை, ஓடுது. கியர் மாத்தறாங்க போல. நீங்க சும்மாவே உட்கார்ந்திருக்கீங்களே, ரெண்டு கடலை எடுத்து வாயில் போட்டுக்கங்க. அந்தத் தட்டில், ஆங். ஓட்டில் மண்ணு ஒட்டியிருக்கிறது அப்படியே இருக்கட்டும், அதைத் தட்டி விட்டுடாதீங்க.

இனிமே சொல்றது நமக்குள்ளே. எங்க ஊரில் இது யாருக்கும் தெரியாது. இவருக்குத் தெரியாது, அத்தைக்குத் தெரியாது. நீங்க ஓடம் ஏறிப் போயிடுவீங்க, அதனால சொல்றேன்.

பாப்பா வயித்தில் இருக்கிறப்ப எனக்கு மாங்காய், புளி, சாம்பல் எதுவும் வேண்டியிருக்கலை. மண்ணு. மண்ணுதான் வேணும். மழை பெய்ஞ்சா வாசம் மூக்கில் ஏறும், வாயில் தண்ணி ஊறும். சுவத்தைச் சுரண்டினேன். அத்தை பார்த்துட்டு, "வீடு இடிஞ்சிடும்டி"ன்னு ஒரு நாள் திட்டினாங்க. அதோட சுவத்தை விட்டுட்டேன். விட்டுட்டேன்னுதான் எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க. நான் புல்லறுக்கப் போற சாக்கில் படுகைக்குப் போயிட்டேன். மேல்படுகையில் ஆரம்பிச்சேன். ஒவ்வொரு கொல்லையிலும் ஒரு துளி. துளிதான் அக்கா, உருண்டை உருண்டையாத் திங்கிறதெல்லாம் இல்லை. நெல்லிக்காய் அளவுக்கு மேல போனதில்லை. சில நாள் ரெண்டு.

ஒரு மண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. மூத்தாரோட எக்கல் ஊறவச்ச அரிசி மாதிரி, நல்லாத்தான் இருக்கும், ஆனா சப்பு. கோரை மண்டிக் கிடக்கிற பள்ளத்து மண்ணு பழைய ஆணியை நக்கின மாதிரி துரு அடிக்கும். வாய்க்கா முனையில் மேலே சுவையா இருக்கும், ஆழத்தில் உப்பு. மணல் சுத்தமாக் கூடாது, பல்லில் நறநறன்னும்.

எங்க கொல்லை மணல்தானே, அதில் என்ன இருக்கப் போகுதுன்னு விட்டுட்டேன். ஒரு நாள் எருக்கஞ்செடி ஓரமா நண்டு ஒண்ணு வளை தோண்டி வெளியே மண்ணைத் தள்ளியிருந்தது. வெள்ளை மணல் மேல கறுப்பா ஒரு உருண்டை. எடுத்து வாயில் போட்டேன். அக்கா, என்னத்தைச் சொல்ல! வறுத்த உளுந்து வாசம். முழுங்கினப்புறம் நாக்கு ஓரத்தில் ஒரு இனிப்பு. அப்புறம் நானே தோண்டினேன். ஒரு முழம் மணல், அதுக்குக் கீழே முழுக்க எக்கல். பெரிய வெள்ளத்துக்கு முந்தி இருந்த பழைய படுகை, மணலைப் போர்த்திக்கிட்டு அப்படியே படுத்திருக்கு.

ஏன் அவர்கிட்டச் சொல்லலைன்னு கேட்கறீங்க. எப்படித் தெரியும்னு கேட்பாரே? புருஷன்கிட்டப் போய் நான் மண்ணு திங்கிறேன்னு சொல்றதா? கட்டின புதுசு வேற.

பாப்பா பிறந்ததோட எல்லாம் நின்னுபோச்சு. அந்த எருக்கஞ்செடிப் பக்கமே போகறதில்லை. போனாலும் புல்லறுக்கத்தான்.

சரி, குவியலுக்கு வரேன். மறுநாள் காலையில் கூடத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். "மோந்து பாத்துப் பிரிக்கிறேன், யாரும் வரக் கூடாது"ன்னு சொன்னேன். கண்ணால் பார்த்து ஒன்பதைப் பிரிச்சேன். மணல், மஞ்சள், சாம்பல், அதெல்லாம் சுலபம். தண்ணி விட்டு விரலால் நசுக்கி ஆறைப் பிரிச்சேன், மேடம் பண்ணின மாதிரி நாடா நீட்டி. அழகா வந்தது நாடா. மிச்சம் ஆறு. ஆறும் கறுப்பு, ஆறும் வழவழப்பு. கையும் கண்ணும் சொல்லலை.

அதை எப்படிப் பிரிச்சேன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

நடுவில் அத்தை ஜன்னல் வழியா ஒரு செம்புத் தண்ணியும் ஒரு காலிச் சட்டியும் நீட்டினாங்க. "தொண்டைய அடைக்கும், கொப்புளிச்சுக்க"ன்னாங்க. நல்ல வெயில் காலம், அதான் தாகமா இருக்கும்னு நினைச்சிருப்பாங்க.

மத்தியானத்துக்குள்ளே இருபத்தொண்ணும் முடிஞ்சது. பையெல்லாம் கஞ்சி போட்டு மொடமொடன்னு இருந்தது. நானே கரியால் எண் போட்டு நிரப்பி வரிசையா வச்சேன். இவர் வந்து ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்தார். ஆறு இடம் வரைக்கும் தலையை ஆட்டிக்கிட்டே வந்தார். ஏழாம் எண்ணில் மூணாவது பையைத் திறந்ததும் முகம் மாறிட்டுது.

"இது நம்ம மண்ணு இல்ல. அண்ணன் மண்ணு."

"நம்முதுதான்."

"அம்மா பேச்ச கேட்டு மாத்திப் போட்டியா? நாளைக்கி அந்தம்மா மொகத்துல எப்புடி முழிக்கறது? மண்ணத் திருடி நெலத்த நல்லதாக் காட்டினான்னு ஊரு பேசவா? எட்டாம் வகுப்புன்னா எட்டாம் வகுப்பு. திருப்பூரு போயிட்டுப் போறேன், திருட்டுப் பேரு வேணாம்."

பையைத் தூக்கி மாத்தப் போனார். நான் அந்தப் பையை இழுத்து மடியில் வச்சுக்கிட்டேன். கல்யாணமாகி அன்னிக்குத்தான் முதல் தடவையாச் சத்தம் போட்டேன். "அது நம்முது! தொட்டீங்கன்னா பாருங்க!" பாப்பா பயந்து அழுதுட்டுது. வாசலில் இருந்த அத்தை, "அட, இவளுக்குக் கொரலு இருக்கா!"ன்னாங்க.

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

பையோட வாயை இறுக்கிக் கட்டினேன்.

மேடம் அடுத்த நாள் வந்தாங்க. நான் கதவுக்குப் பின்னால் நின்னுக்கிட்டு, துவைச்சதையும் எரிச்சதையும் சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டாங்க. அப்புறம், "நீலம் வேற போட்டிருக்கியே"ன்னாங்க. நோட்டை எடுத்து ஒவ்வொரு பையாப் பிரிச்சு, தண்ணி விட்டுப் பிசைஞ்சு, எழுதிவச்சதோட ஒத்துப் பார்த்தாங்க. ஒண்ணு சரி. ரெண்டு சரி. அஞ்சாவது இடத்துக்கு வரப்ப தொப்பியைக் கழட்டி வச்சுட்டாங்க. "பதினெட்டும் சரியா இருக்கு. எப்புடிம்மா?"

"மோந்து பாத்து"ன்னேன்.

என்னை உத்துப் பார்த்தாங்க. "ஒதட்டோரத்துல என்னமோ ஒட்டியிருக்கு, தொடைச்சிக்க"ன்னாங்க. கரித்துகளா இருக்கும்.

ஏழாவது இடம் வந்தது. மூணாவது பை. அந்த இடத்துக்கு நோட்டில் ஒண்ணுமே எழுதலையே! மேடம் மண்ணைக் கையில் வச்சுக்கிட்டு என்னையும் பார்க்கறாங்க, இவரையும் பார்க்கறாங்க. "ஆத்தோரத்துல இவ்வளவு நல்ல எக்கலா?" இவருக்கு அவமானம் தாங்கலை. "மேடம், அது தெரியாம மாத்திப் போட்டிருப்பா. எங்களுது மணல்தான். மணல்னே எழுதிக்குங்க."

எழுதிக்குங்கன்னு அவர் சொன்னதும் எனக்குப் பஸ்ஸு சத்தமே கேட்டுட்டுது அக்கா. எப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தேன்னு தெரியலை. "வாங்க மேடம், காட்டறேன்"னு முன்னால் நடந்தேன். மேடம் நொண்டிக்கிட்டே வராங்க, இவர் வரார், அத்தை பாப்பாவோட வராங்க. எருக்கஞ்செடி ஓரத்தில் மூடியிருந்த பனையோலையை எடுத்தேன். தோள் வரைக்கும் கை போற குழி. மேலே வெள்ளை, கீழே கறுப்பு, கோடு கிழிச்ச மாதிரி.

மேடம் மண்டிபோட்டுக் கையை விட்டு எடுத்தாங்க. பிசைஞ்சு நாடா நீட்டினாங்க. நாடா நீண்டுக்கிட்டே போகுது.

"இந்தக் குழிய யாரு தோண்டினது?"ன்னார் இவர்.

"நரி தோண்டியிருக்கும்"ன்னேன். அதுதான் வாயில் வந்தது.

இவர் குழிக்குள்ளே கையை விட்டு ஒரு கொட்டாங்கச்சியை எடுத்தார். "நரி கொட்டாங்கச்சி வச்சா தோண்டும்? குழி வேற நேத்துத் தோண்டின மாதிரி ஈரமா இருக்கு!"

எனக்கு உயிரே போயிட்டுது. மேடம்தான் கொஞ்சமும் சிரிக்காம, "ஆத்துப் படுகை நரி அப்புடித்தான் தம்பி. ரொம்பக் கெட்டிக்கார நரி. மண்ணோட ருசி தெரிஞ்ச நரி"ன்னாங்க. அத்தை பக்கத்தில் இருந்துக்கிட்டு, "ஆமாமா, நான்கூட அந்த நரிய ரெண்டு தடவ பாத்திருக்கேன்"னாங்க. பாருங்க, அத்தை நிஜமாவே ஒரு நரியைப் பார்த்திருக்காங்க. என் நல்ல நேரம். படிச்ச மேடமே நரின்னு ஒத்துக்கிட்ட பிறகு இவர் என்ன பேசறது? இருமலா சிரிப்பான்னு தெரியாம ஒரு மாதிரி பண்ணிக்கிட்டுத் திரும்பி நின்னுட்டார். நம்பிட்டார்.

ஜீப்பில் கிடந்த திருகுக் கம்பியை எடுத்து மேடம் இன்னும் நாலு இடத்தில் துளை போட்டாங்க. மூணு இடத்தில் கறுப்பு வந்தது. நாலாவதில் வெறும் மணல்.

பத்து நாள் கழிச்சு ஒரு அதிசயம். நர்ஸம்மா வண்டியில் வந்து எனக்கு மட்டும் இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை கொடுத்துட்டு, "ஒங்க மண்ணு மேடம் போன்ல சொன்னாங்க"ன்னுட்டுப் போறாங்க. மாசா மாசம் வராங்க. தெருவில் வேற யாருக்கும் இல்லை. நான் ஒல்லியா இருக்கிறதைப் பார்த்து அவங்களுக்குப் பாவமா இருந்திருக்கும். நல்ல மனசு. அதனால்தான் சொல்றேன், உங்க ஊருக்கு வந்தா நல்லபடியாக் கவனிங்க. துணிப்பையை மட்டும் துவைச்சுடாதீங்க.

ஐப்பசியில் காகிதம் வந்தது. மூத்தாரோடது ரெண்டாம் வகுப்பு. எங்களுது மூணு! மூணு அக்கா! நெல்லுக்கு ஆகாது, கடலை, உளுந்து, தர்பூசணிக்கு ஆகும். ஆழ உழுது அடி எக்கலை மேலே கொண்டுவந்து மணலோட கலக்கணும்னு எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி நாலு தடவை படிச்சேன்.

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "மேடம் அஞ்சு எடத்துல பாத்தாங்க, ஒரு எடத்துல மணலு. நாம ஒழறது அஞ்சு எடம் இல்ல, கொல்லை பூரா. காயிதத்துல இருக்கறது கலப்பையில வருதான்னு பாப்போம்." வெள்ளம் வடிஞ்சு, மழை முடிஞ்சு, ஈரம் பதத்துக்கு வரட்டும்னு தை மாசம் வரைக்கும் இருந்தார். இன்னிக்குத்தான் டிராக்டர், ஆழ உழுற சட்டிக்கலப்பை போட்டு. ஒரு ஓட்டு ஆத்தோரத்திலிருந்து மூத்தார் வரப்பு வரைக்கும். கோடு முழுக்கக் கறுப்பா வந்தா இந்தக் கடலை நாளைக்கே விதைப்பு. வெள்ளையா வந்தா ஞாயித்துக்கிழமை பஸ்ஸு. அதோ ஆணியில் மாட்டியிருக்கே, அதுதான் அவர் பை. துணியெல்லாம் மடிச்சு உள்ளேயே இருக்கு. நான் பார்க்கக் கூடாதுன்னுதான் சுவத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கடலை உடைக்கிறேன்.

எனக்குப் பயமா என்ன? இல்லை. எனக்குத் தெரியும். அந்த நாலாவது துளை போட்ட இடம் மட்டும்தான் மணல், அங்கே நானே தோண்டிப் பார்த்து ஏமாந்திருக்கேன். அதைத் தாண்டி ரெண்டடி போனா திரும்பக் கறுப்பு வந்துடும். வரணும். நான் எல்லா இடத்திலும் தோண்டிப் பார்க்கலையே அக்கா. புல்லறுக்கப் போனவ எத்தனை இடத்தில் தோண்ட முடியும்? நேத்து ராத்திரி சோறு போடறப்ப மறுபடியும் ஒரு கரண்டி கூட வச்சேன். அவர் அதை ஒண்ணும் சொல்லாமச் சாப்பிட்டார். உப்புசம்னு சொல்லலை. அது நல்லதுக்கா, கெட்டதுக்கான்னு காலையிலிருந்து யோசிச்சுக்கிட்டே...

சத்தம் நின்னுட்டுது. கேட்டீங்களா? டிராக்டர் நின்னுட்டுது.

பாதியில் ஏன் நிறுத்தினாங்க? வரப்புக்கு இன்னும் வந்திருக்க மாட்டாங்களே. அக்கா, கொஞ்சம் எட்டிப் பாருங்களேன். யார் கையை ஆட்டறது? அத்தையா? என்னமோ கத்தறாங்க. பாப்பா, சும்மா இரு, காது கேட்கலை.

"வேம்பு! ஏய் வேம்பூ! கறுப்புடி! கோடு பூராக் கறுப்பு! தாரு ரோடு மாதிரி வருதுடி! ஒன்னயத்தான் கூப்புடறான், ஓடியா!"

இதோ வந்துட்டேன் அத்தை! அக்கா, அக்கா, கொஞ்சம் பாப்பாவைப் பிடிச்சுக்கங்க, உடைச்ச கடலையில் கோழி வாய் வைக்காமப் பார்த்துக்கங்க, ஒரே எட்டு, பார்த்துட்டு ஓடி வந்துடறேன். என்ன, கிண்ணமா? இதுவா? இது சும்மா அக்கா, நல்ல காரியத்துக்கு வெறுங்கையோட போகக் கூடாதேன்னு ஒரு...